கோயிலில் மார்க் கிடையாது

போன இதழில் ஒரு பதிலின் நடுவே, 'குழந்தைக்கு முதலில் தன்னைப் பிடிக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்' என்று எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதம் மேல் கடிதம். 'சரி டீச்சர், அதை எப்படிச் சொல்லித் தருவது? அதிலும் சாமி, பாட்டு, கோயில் என்று வளர்க்கிற வீட்டில்?' என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் திருவாரூரில் எங்கள் தெருக்கோயில் மண்டபமும், ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அங்கே வந்து உட்காரும் 25 பிள்ளைகளும்தான். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 14 வருடமாக இந்த வகுப்பு நடக்கிறது. அங்கே பார்த்ததை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கே: எங்கள் ஊர்க் கோயிலில் வாரம் ஒருநாள் பிள்ளைகளுக்குச் சிவபுராணம் சொல்லித் தருகிறேன். 'நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு' என்ற இடம் வந்ததும் பையன்கள் ஒருவனை ஒருவன் காட்டிச் சிரிக்கிறார்கள். போன வாரம் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, 'நான் எதுக்கு என்னை நாயைவிடக் கேவலம்னு சொல்லிக்கணும்?' என்று கேட்டாள். அதன் பிறகு வாயே திறக்கவில்லை. தன்னம்பிக்கை வேண்டும் என்றும் சொல்கிறோம், இதையும் சொல்லச் சொல்கிறோம். அந்த வரியை விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

விட வேண்டாம். ஆனால் அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வி. அடுத்த வாரம் போனதும் முதல் வேலையாக 'நல்லாக் கேட்டே' என்று அவளிடம் சொல்லிவிடுங்கள்.

எங்கள் மண்டபத்திலும் இது நடந்தது. அங்கே ஒரு செவலை நாய் உண்டு. தெற்குப் பிராகாரத்து நிழலில் படுத்திருக்கும். குருக்கள் விரட்டினால் அடுத்த தூணுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். இந்த வரி வந்ததும் ஒரு பொடியன் அதைக் காட்டி, 'டீச்சர், அதைவிடவா நாம மட்டம்?' என்றான். நான் பதில் யோசிப்பதற்குள் பக்கத்திலிருந்தவன், 'அதுக்கு ஹோம்வொர்க் கிடையாதுடா, அது நம்மளவிட மேல்' என்றான். வகுப்பே சிரித்தது. சிரித்து முடித்துவிட்டு எல்லாரும் கொஞ்ச நேரம் அந்த நாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் காலில் பட்டதும் அது எழுந்து ஒரு அடி தள்ளிப் படுத்தது.

அன்றைக்கு இரண்டு காரியம் செய்தேன். முதலில், முழு அடியையும் ஒரே மூச்சில் சொல்ல வைத்தேன். 'நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்குத் தாயிற் சிறந்த தயாவான தத்துவனே.' மூச்சு வாங்குவதற்காக 'அடியேற்கு' என்ற இடத்தில் நிறுத்திவிடுவதுதான் நாம் செய்யும் தப்பு. அங்கே நிறுத்தினால் நாய் மட்டும்தான் காதில் நிற்கும். நாய்க்கு எதுகை தாய். அந்தத் தாயைத் தொடாமல் மூச்சு விடக் கூடாது.

அப்புறம், இது யார் யாரைப் பார்த்துச் சொன்னது என்று கேட்டேன். இதைப் பாடிய மாணிக்கவாசகர் பாண்டியனின் மந்திரி. குதிரை வாங்கக் கொடுத்த பணத்தோடு புறப்பட்டுப் போய், திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு, குதிரையையும் பதவியையும் மறந்தவர். ஊரே கும்பிட்ட மனிதர், தன்னைப் பற்றித் தானே, தன் சாமியிடம் சொல்லிக்கொண்டது அது. வேறு யாரும் அவரை அப்படிச் சொல்லவில்லை. 'நான் ஒண்ணுமில்லை' என்று ஒருவர் சொல்லிக்கொள்வது வேறு, 'நீ ஒண்ணுமில்லை' என்று இன்னொருவர் சொல்வது வேறு. இந்த வித்தியாசம் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும், இரண்டாவதை அன்றாடம் கேட்பவர்கள் அவர்கள்தானே. அதனால் எங்கள் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. அந்த வரியில் பக்கத்தில் இருப்பவனைக் கைகாட்டுகிறவன், அன்றைக்கு எல்லாருக்கும் சுண்டல் கொடுத்துவிட்டுக் கடைசியில்தான் சாப்பிட வேண்டும்.

சிவபுராணம் முடிந்ததும் சுந்தரரின் திருத்தொண்டத்தொகையை எடுங்கள். எங்கள் ஊரில் பாடியது, 11 பாட்டு. தில்லைவாழ் அந்தணரில் தொடங்கி, இன்னாருக்கு அடியேன், இன்னாருக்கு அடியேன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவார். மலைபோலத் தொண்டு செய்தவர்கள் பேரெல்லாம் வரும். பத்தாவது பாட்டில் 'திருவாரூர்ப் பிறந்தார்கள் எல்லார்க்கும் அடியேன்' என்கிறார். அவர்கள் என்ன செய்தார்கள்? பிறந்தார்கள், அவ்வளவுதான். இதைச் சொன்னதும் எங்கள் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். 'நானுமா டீச்சர்? அவ்வளவு பெரியவர் எனக்கா கும்பிடு போடறார்?' ஒரு வருடம் ஒருவன் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். என்னடா என்றால், 'நான் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியிலதான் பொறந்தேன். நான் சேர்த்தி இல்லை.' கண்ணில் தண்ணீர் முட்டி நிற்கிறது. நல்லவேளை, அதே பாட்டில் 'அப்பாலும் அடிச்சார்ந்த அடியார்க்கும் அடியேன்' என்று இருக்கிறது. இந்த ஊருக்கு அப்பால், இந்த நாட்டுக்கு அப்பால், இந்தக் காலத்துக்கு அப்பால் இருப்பவர்களும் அதில் அடக்கம். தஞ்சாவூரும் அடக்கம், திண்டுக்கல்லும் அடக்கம்.

கே: என் மகளுக்கு ஒன்பது வயது. நிறம் கொஞ்சம் மட்டு. ஒரு கல்யாணத்தில் உறவுக்கார அம்மாள் ஒருவர், 'அம்மா மாதிரி இல்லாம இப்படிப் பொறந்துட்டாளே' என்று அவள் எதிரிலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து முகத்தில் பவுடரை அப்பிக்கொள்ளாமல் வெளியே வருவதில்லை, கோயிலுக்குக்கூட. 'கறுப்புதான் அழகு' என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.
– ஒரு அம்மா, கோயம்புத்தூர்

நீங்களே 'நிறம் கொஞ்சம் மட்டு' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், என் அம்மாவும் எனக்குக் கடலை மாவும் பாலாடையும் தேய்த்துத் தேய்த்து வளர்த்தவள்தான். வாய் 'கறுப்புதான் அழகு' என்று சொன்னாலும் வீட்டு அலமாரியில் என்ன கிரீம் இருக்கிறது என்று குழந்தைக்குத் தெரியும். தவிர, அந்த வாக்கியத்திலும் அழகுதான் அளவுகோல், அளப்பதை நாம் நிறுத்தவில்லை.

அறுபத்துமூன்று நாயன்மார்களின் சிலை வரிசை இருக்கிற பெரிய சிவன் கோயில் ஏதாவது ஒன்றுக்கு அவளைக் கூட்டிப் போங்கள். 'இத்தனை பேரில் உட்கார்ந்திருக்கிறவர் யார், கண்டுபிடி' என்று மட்டும் சொல்லுங்கள். மற்றவர்கள் எல்லாரும் நிற்பார்கள். எலும்பும் தோலுமாக ஒரு அம்மாள் மட்டும் உட்கார்ந்திருப்பார், கையில் தாளம் இருக்கும். அவர்தான் காரைக்கால் அம்மையார். வணிகர் வீட்டுப் பெண், பேர் புனிதவதி. அவர் வேண்டியதும் கையில் மாம்பழம் வந்த அதிசயத்தைக் கண்டு பயந்த கணவன் விலகிப் போய் வேறு கல்யாணம் செய்துகொண்டான். 'இவனுக்காகச் சுமந்த இந்த அழகுச் சதை இனி எனக்கெதற்கு' என்று அதை உதறிவிட்டுப் பேய் வடிவத்தைக் கேட்டு வாங்கினார் என்கிறது பெரியபுராணம். தன் பாட்டிலேயே 'காரைக்கால் பேய்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். தாயும் தகப்பனும் இல்லாத சிவபெருமான் அவரைப் பார்த்து 'அம்மையே' என்று கூப்பிட்டார்.

இந்தக் கதைக்குப் பிறகு ஒரு சின்னப் பெண், 'அவங்க கண்ணாடி பார்த்தா அவங்களுக்கே பயமா இருக்காதா?' என்று கேட்டாள். இன்னொருத்திதான் பதில் சொன்னாள்: 'கண்ணாடி பார்க்க ஏது நேரம், கையிலதான் தாளம் இருக்கே.' நான் வாயை மூடிக்கொண்டேன். அதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது.

இன்னொன்றும் செய்யலாம். ஒருநாள் காலை அபிஷேகத்துக்குக் கூட்டிப் போய் முன்வரிசையில் நிற்க வையுங்கள். எண்ணெய், மாப்பொடி, மஞ்சள், பால், சந்தனம், திருநீறு என்று ஒவ்வொன்றாக அந்தக் கல்லின் மேல் வழியும், அதை மூடும். பின்னாலேயே ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள், பழைய கறுப்புக் கல் பளபளவென்று வெளியே வரும். ஏழெட்டுத் தடவை இது நடக்கும். அவள் பார்க்கட்டும். நீங்கள் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. 'பார்த்தியா, சாமிகூடக் கறுப்புதான்' என்று விளக்கம் சொன்னீர்களோ, போச்சு.

பவுடர் டப்பாவைப் பிடுங்காதீர்கள், அதுவாகக் குறையும். ஆனால் அந்த உறவுக்கார அம்மாளை அடுத்த விசேஷத்தில் பார்க்கும்போது, 'எங்க பொண்ணு நிறத்தைப் பத்தி இனிமே பேச வேண்டாம் அத்தை' என்று சொல்லுங்கள். மகள் காதில் விழும்படி சொல்லுங்கள். அதற்குத் தைரியம் வரவில்லை என்றால் நான் மேலே எழுதிய இரண்டும் வீண்.

கே: மார்கழியில் நடந்த திருவெம்பாவை ஒப்பித்தல் போட்டியில் என் மகன் நான்காவது பாட்டில் மறந்துபோய் மேடையில் நின்றுவிட்டான். 11 வயது. ஆறுதல் பரிசுகூட இல்லை. இப்போது கோயில் பக்கமே வர மாட்டேன் என்கிறான்.
– ஒரு தந்தை, மதுரை

அவன் மறந்து நின்றபோது முதலில் எங்கே பார்த்திருப்பான்? உங்கள் முகத்தைத்தான். அந்த நேரத்தில் அது எப்படி இருந்தது என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். நன்றாக இல்லை என்று தோன்றினால் அவனிடம் போய் ஒரு 'சாரிடா' சொல்லிவிடுங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வகுப்பு ஆரம்பித்த முதல் இரண்டு வருடம் மண்டபத் தூணில் ஒரு சார்ட் ஒட்டி வைத்திருந்தேன். பாட்டு ஒப்பித்தால் பேருக்கு நேரே தங்க ஸ்டார். பள்ளிக்கூட வாத்திச்சி புத்தி, வேறென்ன. ஒரு பெண்ணுக்குத் திக்குவாய். மற்றவர்களுக்குப் பத்து, பன்னிரண்டு ஸ்டார், அவளுக்கு இரண்டு. வகுப்பு முடிந்து அவள் அம்மா கூட்டிப்போக வரும்போதெல்லாம் அவள் ஓடிப்போய் அந்தத் தூணில் முதுகைச் சாய்த்து நின்றுகொள்வாள். ஏதோ விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். பல மாதம் கழித்து ஒருநாள்தான் உறைத்தது. தன் வரிசை மறைகிற மாதிரி, கால் விரலை ஊன்றி எக்கி நின்றாள். அவள் முதுகு சரியாக எந்த இடத்தில் பட்டது என்று இன்றைக்கும் அந்தத் தூணைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலமே சார்ட்டைக் கிழித்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் திருநீறு மடிக்க உதவியது. அதற்குப் பிறகு எங்கள் மண்டபத்தில் பரிசும் இல்லை, மார்க்கும் இல்லை. பிள்ளைகளை எடை போடுகிற இடம் ஊரில் எத்தனையோ இருக்கிறது, கோயிலும் எதற்கு? நடத்துகிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் நடத்துகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் 20 பாட்டையும் தெரிந்து வைத்திருந்து நாலாவதில் நின்ற பிள்ளை, மீதி 16 பாட்டையும் அதோடு வெறுத்துவிடுகிறது.

மகனைப் பாடுவதற்காக இப்போது கூப்பிடாதீர்கள். 'இன்னைக்குப் பாட்டு கிடையாது, புல்லுதான்' என்று சொல்லிக் கூட்டிப் போங்கள். அப்பர் சுவாமி கையில் புல் செதுக்குகிற உழவாரப் படையோடுதானே நிற்கிறார்? மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் பிள்ளைகள் பிராகாரத்தில் புல் செதுக்குவார்கள். நெருஞ்சி குத்தும், கோரை லேசில் வராது, கிழங்கோடு தோண்ட வேண்டும். அறுகம்புல்லைத் தனியாக எடுத்துப் பிள்ளையாருக்கு வைத்துவிடுவார்கள். குப்பை ஒரே குவியலாகச் சேரும், அதில் எது யார் பிடுங்கியது என்று யாருக்கும் தெரியாது. அரை மணி போனதும் யாராவது ஒருவர் முனக ஆரம்பிப்பார்கள். அப்பர் பாட்டில் எதையாவதுதான். 'நாமார்க்கும் குடியல்லோம்' எங்கள் பையன்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ராஜா கூப்பிடுகிறார் என்று வந்து நின்றவர்களிடம் புல் செதுக்குகிற ஒரு கிழவர் 'வர முடியாது' என்று பாடினார் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

திக்குவாய்ப் பெண்ணைப் பற்றிக் கேட்பீர்கள். திக்கல் இன்னும் இருக்கிறது. கல்லூரிக்குப் போகிறாள். விடுமுறையில் வந்தால் சின்னதுகளுக்குப் பூக்கட்டச் சொல்லித் தருவது அவள்தான். வாழை நாரை நனைத்துக் கிழிப்பதில் எனக்கே அவள்தான் வாத்தியார்.

கே: போலியோவைப் போல ஒரு நோயால் என் தங்கையின் எட்டு வயது மகனுக்கு ஒரு கால் பலமில்லை. 'சாமி ஏன் என்னை மட்டும் இப்படிப் பண்ணினார்?' என்கிறான். முன்வினை என்று எளிமையாக விளக்கலாமா?
– ஒரு வாசகர், சேலம்

கூடாது. எட்டு வயதுப் பையனிடம் போய், உனக்கே ஞாபகமில்லாத ஏதோ தப்புக்கு இது தண்டனை என்று சொல்வது தத்துவமும் இல்லை, எளிமையும் இல்லை. 'தெரியலைடா' என்று சொல்லுங்கள். பெரியவர்கள் 'தெரியவில்லை' என்று சொல்லிக் கேட்பதே பிள்ளைகளுக்கு ஒரு ஆறுதல்.

அவனுக்குத் தண்டியடிகளைச் சொல்லுங்கள். எங்கள் ஊர்க்காரர், பிறவியிலேயே பார்வை கிடையாது. கமலாலயக் குளம் தூர்ந்து சுருங்கிக்கொண்டே வந்தபோது தானே தோண்ட இறங்கினார். குளத்துக்குள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு நட்டு, நடுவில் கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்குவார், மண்ணை வெட்டிக் கூடையில் அள்ளுவார், கயிற்றைத் தடவிக்கொண்டே ஏறிக் கொட்டுவார். பிள்ளைகளை ஒருதடவை கண்ணைக் கட்டிக்கொண்டு கயிறு பிடித்து நடக்க வைத்தேன். பத்து அடி நடப்பதற்குள் சிரிப்பெல்லாம் நின்று, காலால் தடவித் தடவிப் போனார்கள். கதையின் பின்பாதியில் அவருக்குப் பார்வை வருவதும், கேலி செய்தவர்கள் பார்வை இழப்பதும் இருக்கிறது. நான் கயிற்றோடு நிறுத்திக்கொள்கிறேன். உன் கால் சரியாகிவிட்டால்தான் நீ கதைக்கு உரியவன் என்று அந்தப் பையனுக்குப் படக் கூடாது, பாருங்கள்.

கே: ஆறு வயதில் எனக்கு இரட்டைப் பிள்ளைகள். தியானம் பழக்கினால் மனசுக்குள்ளே ஒரு சந்தோஷம் ஊறும் என்கிறார்கள். செல்போனில் ஒரு ஆப் போட்டு உட்கார வைத்தேன். இரண்டு நிமிடம் தாங்கவில்லை, ஒருவன் காலை ஒருவன் கிள்ளிக்கொள்கிறான்.
– ஒரு வாசகி, சென்னை

ஆறு வயதுப் பிள்ளைகள் இரண்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தால்தான் நீங்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டும்.

நாங்கள் பூசலார் விளையாட்டு விளையாடுகிறோம். பூசலார் ஊர் திருநின்றவூர், உங்களுக்குப் பக்கம்தான், ஆவடி தாண்டி மின்சார ரயிலிலேயே போகலாம். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. ஊரெல்லாம் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. சரி என்று உட்கார்ந்து மனசுக்குள்ளேயே கட்ட ஆரம்பித்தார். கல், மரம், தச்சர் எல்லாம் மனசிலேயே. நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டார், விமானம் எழுப்பினார், சுதை பூசினார், கிணறு வெட்டினார், மதில் கட்டினார், குளமும் தோண்டினார். அவசரப்படவில்லை. குடமுழுக்குக்கு அவர் குறித்த அதே நாளில் காஞ்சிபுரத்தில் பல்லவ ராஜாவும் தான் கட்டிய கற்கோயிலுக்கு நாள் வைத்திருந்தார். சாமி ராஜாவின் கனவில் வந்து, 'அன்னைக்கு நான் நின்றவூர்ப் பூசல் கட்டின கோயிலுக்குப் போகணும், நீ வேற நாள் பார்' என்றார். ராஜா தேடிக்கொண்டு வந்து கேட்டால், ஊரில் யாருக்கும் அப்படி ஒரு கோயில் இருப்பதே தெரியவில்லை. இந்த இடத்தில் பிள்ளைகள் கைதட்டுவார்கள், ஒவ்வொரு தடவையும்.

வகுப்பின் கடைசி ஐந்து நிமிடம் இதற்குத்தான். 'உன் கோயிலுக்கு இன்னைக்கு ஒரு வேலை பார்' என்பேன். உட்காரலாம், படுக்கலாம், கண்ணை மூடலாம், மூடாமலும் இருக்கலாம். அடுத்தவன் கோயிலை எட்டிப் பார்க்கக் கூடாது, அதாவது 'என்ன கட்டினே' என்று கேட்கக் கூடாது. அந்த ஒரு விதிதான். தானாக வந்து சொன்னால் கேட்டுக்கொள்வேன். ஒருவன் கோபுரத்துக்கு லிஃப்ட் வைத்தானாம், பாட்டிக்கு முட்டிவலி என்பதால். ஒரு பெண் மூன்று வாரமாகச் செருப்பு விடும் இடத்தை மட்டும் கட்டிக்கொண்டிருந்தாள். புதுச் செருப்பு ஒரு கோயில் வாசலில் காணாமல் போயிருந்தது, பாவம். ஒவ்வொரு செருப்புக்கும் தனி அறை, தனிப் பூட்டு.

கேட்கக் கூடாது என்பதைப் பெற்றோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒரு அப்பா ஆர்வத்தில் தினமும் ராத்திரி 'கோயில் எந்த மட்டுல இருக்கு? முடிஞ்சுதா?' என்று கேட்டிருக்கிறார். பையன் ஒரே வாரத்தில் 'முடிஞ்சிருச்சுப்பா' என்று சாவியைக் கொடுத்துவிட்டான்.

உங்கள் பிள்ளைகளுக்குப் படுக்கப் போகும் நேரம் சரியாக இருக்கும். இரட்டையர் என்பதால் ஒன்று மட்டும் கவனியுங்கள். இருவருக்கும் தனித்தனிக் கோயில் வேண்டும். எல்லாவற்றையும் பங்கு போட்டே வளர்கிற பிள்ளைகள், அதையாவது முழுசாகத் தனக்கென்று வைத்துக்கொள்ளட்டும்.

கே: என் மகன் இரண்டு வருடத்துக்கு முன் நோய்வாய்ப்பட்டுத் தவறிவிட்டான். பேத்திக்குப் பத்து வயது. தினமும் விளக்கேற்றி அப்பாவுக்காக வேண்டிக்கொண்டவள், இப்போது விளக்கைத் தொட மாட்டேன் என்கிறாள். 'சாமி ஒரு பொய்' என்கிறாள். அப்படிப் பேசினால் பாவம் என்று பாட்டி அழுகிறாள். அவளைப் பழையபடி சந்தோஷமாக மாற்ற என்ன செய்யலாம்?
– ஒரு தாத்தா, புதுக்கோட்டை

மாற்ற வேண்டாம் ஐயா. அவளுக்குக் கோபம் இருக்கிறது, அது நியாயமான கோபம். அதைப் பாவம் என்று சொன்னால் கோபம் போகாது, அவள் உங்களிடம் பேசுவதுதான் நின்றுபோகும்.

சாமியைத் திட்டினால் சாமி கோயிலை விட்டுத் துரத்தியதாக நம் ஊரில் கதை இல்லை. சுந்தரருக்குக் கண் போயிற்று. காஞ்சியில் ஒரு கண் வந்தது. இன்னொரு கண் இல்லாமல் எங்கள் திருவாரூர்ச் சந்நிதியில் வந்து நின்று, 'வாழ்ந்து போதீரே' என்று பாடினார். நீர் மட்டும் நன்றாக இரும் என்று அர்த்தம். ஆளைப் பார்த்துச் சொன்னால் சண்டை வருகிற வார்த்தை. அதைப் பதிகமாக வைத்து, இன்றைக்கும் ஓதுவார்கள் சந்நிதியிலேயே பாடுகிறார்கள். பாட்டிக்கு இதைச் சொல்லுங்கள், பேத்திக்கு இப்போது வேண்டாம்.

பேத்தியிடம் சொல்ல வேண்டியது வேறு. 'நீ சரியா வேண்டிக்கலைங்கிறதால அப்பா போகலை.' இந்த ஒரு வாக்கியம்தான். விளக்கேற்றிய குழந்தைகள் பலருக்கு உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் இருக்கும், ஒருநாள் ஏற்ற மறந்தோமே, அதனாலோ என்று. வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நீங்களாகச் சொல்லுங்கள், ஒருதடவை இல்லை, பல தடவை. விளக்கைப் பாட்டி ஏற்றட்டும். அவள் பக்கத்தில் இருந்தாலும் சரி, அடுத்த அறையில் டிவி பார்த்தாலும் சரி.

தூக்கமும் சாப்பாடும் குறைந்துகொண்டே போனாலோ, அப்பாவிடமே போய்விடுகிறேன் என்கிற மாதிரி ஏதாவது சொன்னாலோ, கோயில், பாட்டு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். டெலி மானஸ் என்று அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண் இருக்கிறது, 14416. ராப்பகல் எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். உங்களுக்கும் பாட்டிக்கும்கூட அது உதவும். நீங்களும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள்தானே.

கே: எத்தனை வயதிலிருந்து உங்கள் மாதிரி வகுப்புக்கு அனுப்பலாம்?
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

செருப்பைத் தானாக மாட்டத் தெரிந்தால் போதும். எங்கள் மண்டபத்தில் இப்போதைக்கு எல்லாரையும்விடச் சின்னவளுக்கு நாலரை வயது. பாட்டு ஒன்றும் வராது, நடுவில் தூங்கிவிடுவாள். சுண்டலுக்குத் தொன்னை எண்ணி அடுக்குவது அவள் வேலை. இருபது வரை சரியாக எண்ணுவாள். அப்புறம் மறுபடியும் பதினொன்று, பன்னிரண்டு என்று போகும். ஏழெட்டுத் தொன்னை எப்போதும் கூடுதலாகவே இருக்கும். அந்த நேரத்தில் சாமி கும்பிட வருகிறவர்களுக்கு அதில் கொடுத்துவிடுகிறோம்.